பத்து விநாடி 'ஆ'

அந்த மாதம் முழுக்க எங்கள் பள்ளியில் ஒரே சத்தம்தான். ஆ!

பாட்டு வகுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். பல் மருத்துவ முகாமும் இல்லை. பிள்ளைகளின் மூளையை அளந்துகொண்டிருந்தோம். படிக்கட்டில் ஒரு அம்மா தன் மகனின் வாய்க்கு நேரே கைப்பேசியை நீட்டி, "இன்னும் நாலு விநாடிடா, மூச்சை விட்டுடாதே" என்று கெஞ்சிக்கொண்டிருப்பார். வாகன நிறுத்தத்தில் ஒரு அப்பா, "இது 'ஆ' இல்ல, 'ஹா'. மறுபடியும் சொல்லு" என்று மகளைத் திருத்திக்கொண்டிருப்பார். எதிரே இருந்த மருந்துக் கடையில் தொண்டை மிட்டாய் தீர்ந்துபோனது.

எல்லாம் அலை டாக்டர் செய்த வேலை.

அலை டாக்டர் என்பது அவருக்கு ஊர் வைத்த பெயர். எந்தக் கல்லூரியில் படித்த டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. எட்டு லட்சம் பேர் பின்தொடரும் ஒருவரிடம் போய்ச் சான்றிதழைக் கேட்பது மரியாதையா? தினமும் காலையில் ஒரு காணொளி போடுவார். வெள்ளைக் கோட்டு, பின்னால் நீல வெளிச்சத்தில் சுழலும் ஒரு மூளை. "குழந்தை 'ஆ' என்று சொல்லும்போது அதன் நரம்பலைகள் குரலில் கசிகின்றன" என்பார். கசிவதை அவர் பிடித்துவிடுவாராம். பத்து விநாடி ஒலிப்பதிவை அனுப்பினால் போதும். பிள்ளையின் பயம், ஆசை, எந்தப் பாடம் ஏறும், எது ஏறாது என்று நான்கு பக்க அறிக்கை வந்துவிடும். அறிக்கையின் மேலே கோணல்மாணலாக ஒரு வரைபடம். அந்த வரைபடம் யாருக்கும் புரியாது. புரியாததால் அதன் மேல் மதிப்பு இன்னும் ஏறியது.

நான் யாரென்று சொல்லவில்லையே. பள்ளியின் அலுவலக எழுத்தர். பிறப்புச் சான்றிதழில் எழுத்துப்பிழை, பேருந்து அட்டை தொலைந்தது என்று எது வந்தாலும் என் மேசைக்குத்தான் வரும். போதாக்குறைக்குப் பள்ளியின் சமூக ஊடகப் பக்கமும் என் தலையில்தான். ஓட்டப் பந்தயத்தில் யார் மூன்றாவதாக வந்தாலும் படம் எடுத்து, பெயர், வகுப்பு, நாலு புகழ்ச்சி வரி சேர்த்துப் போட்டுவிடுவேன். என் தலைப்பு வரிகளில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று பின்னால் தெரிந்தது.

எங்கள் பள்ளியில் இன்னொருவரும் பக்கம் நடத்துகிறார். ஆலோசகர் மேடம். உளவியல் படித்து, ஆய்வுப் பட்டம் வாங்கி, நூலகத்துக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி மட்டும் கொள்ளும் அறையில் பிள்ளைகளோடு பேசுகிறவர். அவரைப் பின்தொடர்பவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். அவர் பதிவுகள் இப்படி இருக்கும்: "உறக்கத்துக்கும் ஞாபகசக்திக்கும் தொடர்பு இருக்கலாம் என்கிறது இந்த ஆய்வு. ஆனால் இதில் கலந்துகொண்டவர்கள் நாற்பது பேர்தான். அவசரப்பட்டு முடிவுக்கு வர வேண்டாம்." அதற்கு இரண்டு லைக் விழும். ஒன்று அவர் கணவருடையது.

"கொஞ்சம் அடிச்சு எழுதுங்க மேடம். 'இருக்கலாம்'னு எழுதினா எவன் படிப்பான்?" என்று ஒருநாள் இலவச ஆலோசனை கொடுத்தேன்.

"ஆய்வுல 'இருக்கலாம்'னுதான் இருக்கு."

"சரி, உங்ககிட்ட வந்து குணமான பிள்ளைங்களைப் பத்தியாவது எழுதுங்களேன். கண்ணீர்க் கதை நல்லா ஓடும்."

"என்னை நம்பி ஒரு பிள்ளை சொன்னதை நான் ஊருக்குச் சொல்லக் கூடாது சார்."

இவர் எங்கே உருப்படப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பொய் சொல்வானேன், அலை டாக்டரின் எட்டு லட்சத்தில் நானும் ஒருவன்.

விஷயம் என் அக்கா வீட்டுக்கு வந்தபோதுதான் வலித்தது.

அக்கா மகள் எங்கள் பள்ளியில்தான் படிக்கிறாள். பத்தாம் வகுப்பு முடித்துப் பதினொன்றாம் வகுப்புக்குக் காத்திருந்தாள். கணக்கில் தொண்ணூற்றொரு மதிப்பெண். கணிதப் பிரிவில் சேர வேண்டும் என்பது எட்டாம் வகுப்பிலிருந்தே அவள் நினைப்பு. அக்கா ஒரு ஆர்வத்தில் அவளுடைய 'ஆ'வை அனுப்பி வைத்தாள். அறிக்கை வந்தது. 'இந்தக் குழந்தையிடம் எண் அலை இல்லை. கணிதம் திணிக்கப்பட்டால் மனம் நொறுங்கும்.'

நான் போனபோது பெண் அறைக்குள் இருந்தாள். கணக்கு நோட்டுகளைக் கட்டி அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டிருந்தாள்.

"மாமா, எனக்கு எண் அலை இல்லைன்னா தொண்ணூத்தொண்ணு எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள்.

"மனப்பாடம்னு அறிக்கையில போட்டிருக்கு" என்றாள் அக்கா. "நானும் முதல்ல நம்பலைடா தம்பி. ஆனா மூணாங்கிளாஸ்ல இவ சைக்கிள்ல விழுந்து முழங்கை உடைஞ்சது அவருக்கு எப்படித் தெரியும்? பேச்சுப் போட்டியில மேடையிலயே அழுதது எப்படித் தெரியும்? நான் சொன்னேனா? நீ சொன்னியா?"

நான் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை. எனக்கே உடம்பு சிலிர்த்தது.

இதற்குள் தலைமையாசிரியர் ஒரு படி மேலே போய்விட்டார். பதினொன்றாம் வகுப்புப் பிரிவுகளை அலை அறிக்கைப்படியே ஒதுக்கப் போகிறோம் என்று சுற்றறிக்கை விட்டார். "மதிப்பெண் இறந்த காலம், அலை எதிர்காலம்" என்று டாக்டர் சொன்ன வாசகத்தை என்னைத்தான் தட்டச்சு செய்யச் சொன்னார். சனிக்கிழமை பள்ளி அரங்கில் டாக்டரே நேரில் வந்து நேரலையில் அலை படிப்பார். திங்கட்கிழமை பட்டியல் ஒட்டப்படும். அந்தப் பட்டியலில் அக்கா மகளின் பெயர் கணிதப் பிரிவில் இருக்காது. அவ்வளவுதான், முடிந்தது.

ஆலோசகர் மேடம் தலைமையாசிரியரிடம் போய் வாதாடினார். நான் கோப்புகளோடு ஓரமாக நின்றிருந்தேன்.

"எட்டு லட்சம் பேர் என்ன முட்டாளா மேடம்?"

"எட்டு லட்சம் பேர் பார்க்கிறதால அவர் பிரபலம்னு தெரியுது சார். வேற ஒண்ணும் தெரியலையே."

"உங்களை நூறு பேர்தான் பார்க்கிறாங்க. அந்த வருத்தமோ?" என்றார் தலைமையாசிரியர். நல்ல மனிதர்தான். புதிதாக ஒன்றைப் பார்த்தால் கொஞ்சம் மயங்கிவிடுவார்.

மேடம் கோபப்படாமல் வெளியே வந்தார். வராந்தாவில் என்னை நிறுத்தி, "உங்க அக்கா அனுப்பின விண்ணப்பத்தைக் காட்ட முடியுமா?" என்று கேட்டார். என் கைப்பேசியிலேயே இருந்தது. மேலிருந்து கீழே வரைக்கும் படித்தார். பிள்ளை பெயர், வயது, பள்ளி, மின்னஞ்சல், ஒலிப்பதிவு. கடைசியில் ஒரு கட்டம்: 'பெற்றோரின் சமூக ஊடகப் பக்க முகவரி'. அதை நிரப்பாவிட்டால் விண்ணப்பம் நகராது.

"மூளை அலையைப் படிக்கிறவருக்கு அம்மாவோட பக்கம் எதுக்கு?"

"முடிவை அனுப்பறதுக்கு மேடம்."

"மின்னஞ்சல்தான் மேலேயே கேட்டுட்டாரே."

இரண்டு நாற்காலி அறையில் உட்கார்ந்து அக்காவின் பக்கத்தைத் திறந்தோம். கீழே கீழே தள்ளிக்கொண்டே போனார். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு படம்: முழங்கையில் மாவுக்கட்டோடு ஒரு குட்டிப் பெண், 'சைக்கிள் ராணி விழுந்துட்டா' என்ற வரியோடு. இன்னும் கொஞ்சம் மேலே, எங்கள் பள்ளிப் பக்கத்திலிருந்து அக்கா பகிர்ந்த ஒன்று: 'மேடையில் கண்ணீர் வந்தாலும் பேச்சை முடித்த எங்கள் வீராங்கனை!' தலைப்பு வரி அடியேன் எழுதியது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பிறகு அது வந்தது. மூன்று வருடத்துக்கு முந்தைய பதிவு. 'எங்க வீட்டு மேதையைப் பாருங்க. ஏழெட்டு எவ்வளவுன்னா ஐம்பத்து நாலாம்! இவளுக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம்.' கீழே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக. அத்தை சிரித்திருந்தாள், சித்தி சிரித்திருந்தாள், நானும் சிரித்திருந்தேன்.

"எண் அலை இங்கேதான் காணாமப் போயிருக்கு" என்றார் மேடம்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. "இதை அப்படியே அக்காகிட்ட காட்டிடறேன் மேடம்!"

"காட்டுங்க. 'அவர் இதைப் பார்த்திருக்க மாட்டார், அலையில தெரிஞ்சது இதோட ஒத்துப்போகுது'ன்னு சொல்லுவாங்க. எனக்கும் இப்போதைக்குச் சந்தேகம்தான். சோதிச்சுப் பார்த்துடுவோம். அவர் படிக்கிறது குரலையா, பக்கத்தையா? ரெண்டையும் பிரிச்சு வெச்சா தெரிஞ்சுடும்."

ரொம்பச் சின்ன யோசனை. எட்டு லட்சம் பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

முதல் சோதனை: அக்கா மகள் முன்பு அனுப்பிய அதே பத்து விநாடி ஒலிப்பதிவை, உடற்பயிற்சி ஆசிரியரின் பக்க முகவரியோடு அவர் மகன் பெயரில் சனிக்கிழமை நேரலைக்கு அனுப்புவது. உடற்பயிற்சி ஆசிரியரின் மகன் வேறு பள்ளியில் ஏழாம் வகுப்பு. அப்பா வாரம் தவறாமல் 'என் சிங்கம் கணக்கில் மறுபடியும் நூறு' என்று போடுகிறவர். அவரிடம் கேட்டபோது, "தாராளமா அனுப்புங்க மேடம். டாக்டர் உடனே கண்டுபிடிச்சுடுவார் பாருங்க" என்றார். பக்தர்.

இரண்டாவது சோதனைக்கு மேடம் என்னைப் பார்த்தார்.

"உங்க பேர்ல ஒரு பையனுக்கு விண்ணப்பம் போடணும்."

"எனக்குக் கல்யாணமே ஆகலையே மேடம்!"

"அதனாலதான் உங்களைக் கேட்கிறேன்."

எனக்கு ஒரு பழைய பக்கம் இருந்தது. பல வருடமாகத் திறக்காதது. அதைப் பின்தொடர்வது இரண்டு மெத்தைக் கடைகள் மட்டும். அதில் மேடம் சொல்லச் சொல்ல நான்கு பதிவுகள் போட்டேன். என் பையனுக்குப் பூனை என்றால் பயம். வயலின் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். தூக்கத்தில் எழுந்து நடக்கிறான். தனியாக இருந்தால் அழுகிறான். நான்காவதை எழுதும்போது எனக்கே அந்தப் பையன் மேல் பாசம் வந்துவிட்டது.

"குரலுக்கு என்ன பண்றது? யார் பிள்ளையைக் கேட்கிறது?"

மேடம் எழுந்து என்னை மாடிப்படிக்குக் கீழே கூட்டிக்கொண்டு போனார். பள்ளிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கைப்பேசியை அதன் அருகே பத்து விநாடி பிடித்தார்.

"மேடம், இது 'ஆ'ன்னு சொல்லாது. 'ங்ங்ங்'னுதான் சொல்லும். கேட்டவுடனே தெரிஞ்சுடுமே?"

"கேட்டா தெரிஞ்சுடும். கேட்கிறாரான்னுதானே பார்க்கிறோம்."

"பொய்தானே மேடம் சொல்றோம்?"

"ஆமா. அதனாலதான் என்ன பொய், எதுக்காகச் சொன்னோம், என்ன நடக்கும்னு எதிர்பார்க்கிறோம், எல்லாத்தையும் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்கிறோம். சனிக்கிழமை அன்னைக்கே எல்லார் முன்னாடியும் படிச்சும் காட்டிடணும். நடக்கலைன்னா நான் தப்புன்னு அதுலயே எழுதியிருக்கேன்."

உறையில் போட்டு ஒட்டித் தலைமையாசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். "நான் சொல்லும்போது மேடையில பிரிங்க சார். அதுவரைக்கும் பூட்டி வைங்க."

"என்ன இது, ராஜினாமாவா?" என்றார் அவர், கொஞ்சம் பயந்து.

"அவர் சரின்னா, அதுவும்தான்."

சனிக்கிழமை அரங்கில் நிற்க இடமில்லை. நாற்காலி கிடைக்காதவர்கள் ஜன்னலில் தொற்றிக்கொண்டிருந்தார்கள். என் அக்கா முன்வரிசையில், பக்கத்தில் தலையைக் குனிந்தபடி அவள் மகள். நேரலையைப் பிடிக்கும் பொறுப்பு எனக்கு. கைப்பேசியை முக்காலியில் பொருத்தி நிறுத்தினேன். திரையில் பார்வையாளர் எண்ணிக்கை குதித்துக் குதித்து ஏறியது.

அலை டாக்டர் வந்தார். கோட்டு இஸ்திரி கலையவில்லை. பெரிய காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். மடியில் ஒரு பலகைக் கணினி. அலை வரைபடம் அதில் ஓடுகிறதாம், நமக்குத் தெரியாதபடி திருப்பி வைத்திருந்தார். கண்ணை மூடியவர் அடிக்கடி அரைக்கண் திறந்து அதைப் பார்த்துக்கொண்டார். அலை எங்கேயும் ஓடிவிடக் கூடாதே என்ற கவலை போலும்.

மூன்று பிள்ளைகளைப் படித்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு அம்மா "ஐயோ, அப்படியே!" என்று அலறினார். நான்காவது உடற்பயிற்சி ஆசிரியரின் மகன் பெயர்.

"ஆகா!" டாக்டர் நெஞ்சில் கை வைத்தார். "என்ன அலை இது! முழுக்க எண்கள். கணிதம் இந்தப் பையனுக்கு மூச்சு. இருபது வருஷத்துல இப்படி ஒரு எண் அலையை நான் கேட்டதில்லை."

உடற்பயிற்சி ஆசிரியர் எழுந்து கைதட்ட ஆரம்பித்தார். பாதியில் ஏதோ நினைவுக்கு வந்து, கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. மெல்ல உட்கார்ந்தார்.

அடுத்தது என் மகன்.

டாக்டரின் முகம் கனிந்தது. "மென்மையான பையன். தூக்கம் சரியில்லை. ராத்திரியில் எழுந்து நடக்கிறான். சின்ன விலங்கு ஏதோ ஒண்ணுகிட்ட பயம்... பூனை! பூனைதான். ஆனா உள்ளே இசை இருக்கு. தந்தி வாத்தியம். தனிமை இந்தக் குழந்தையை வாட்டுது. பெற்றவர் யாரு? இங்கே வாங்க ஐயா."

என் பெயரைப் படித்தார்.

நான் முக்காலியை விட்டு மேடையேறினேன். அரங்கில் இருந்த ஆசிரியர்கள் அத்தனை பேருக்கும் என் ஜாதகம் தெரியும். முதலில் யாரோ ஒரு டீச்சர் களுக்கென்றார். அப்புறம் வரிசை வரிசையாகச் சிரிப்பு. அக்கா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"டேய்! எனக்குத் தெரியாம எப்படா?"

டாக்டர் அதை ஆனந்தம் என்று எடுத்துக்கொண்டார். என் தோளில் தட்டி, "பையனுக்கு உங்க நேரம் வேணும். அம்மாகிட்ட ரொம்ப ஏக்கம் வெச்சிருக்கான்" என்றார்.

"எனக்கும் அந்த அம்மாவைப் பார்க்கணும்னு ஏக்கம்தான் சார்" என்றேன்.

ஆலோசகர் மேடம் ஒலிவாங்கியை எடுத்தார். "டாக்டர், இந்தக் குழந்தையோட குரலை எல்லாருக்கும் ஒரு தடவை ஒலிபெருக்கியில போட முடியுமா? என்கிட்டயும் இருக்கு. நானே போடறேன்."

ங்ங்ங்ங்ங்ங்.

பத்து விநாடி. பின்கதவோரம் நின்ற காவலாளி அண்ணன் தினமும் இரண்டு வேளை அந்தப் பொத்தானை அழுத்துகிறவர். அவர் உரக்கச் சொன்னார்: "அட, நம்ம தண்ணி மோட்டாரு!"

பூனைக்குப் பயந்து, வயலினுக்கு அழுது, தூக்கத்தில் நடக்கும் மோட்டார்! அரங்கமே ஆடிப்போகும்படி சிரித்தார்கள். ஜன்னலில் தொற்றியிருந்த ஒருவர் கீழே விழுந்தார். காயம் இல்லை.

"ஃபைல் மாறிப்போச்சு! தொழில்நுட்பக் கோளாறு!" என்றார் டாக்டர்.

"மாறலை சார், நாங்கதான் அப்படி அனுப்பினோம். குரல் தப்புன்னாகூட, பூனையும் வயலினும் எங்கிருந்து வந்துச்சு?" என்றார் மேடம்.

டாக்டரின் உதவியாளர் என்னைப் பார்த்து, "நேரலையை நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினார். நான் மேடையில் இருந்தேன், கைப்பேசி கீழே இருந்தது. பொறுப்பான ஊழியன், மேடையை விட்டு ஓடுவது அழகா?

தலைமையாசிரியர் உறையைப் பிரித்துப் படித்தார். நான்கு பொய்ப் பதிவுகளும், தேதியும், நேரமும், நடக்கப்போவதும் அப்படியே எழுதியிருந்தன. படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"இன்னொரு குரல் இருக்கு" என்றார் மேடம். "கொஞ்சம் முன்னாடி எண் அலை பொங்குதுன்னு சொன்னாரே, அது."

ஆஆஆஆ...

மெல்லிய, கடைசியில் லேசாக உடையும் குரல். மூன்றாவது விநாடியிலேயே முன்வரிசையில் அக்கா நிமிர்ந்தாள்.

"இது என் பொண்ணு."

யாரும் அவளிடம் சொல்லவில்லை. பெற்றவள், அவளுக்குத் தெரிந்தது.

"போன மாசம் நீங்க அனுப்பின அதே பதிவு" என்றார் மேடம். "உங்க பக்கத்தோட போனப்போ எண் அலையே இல்லை. சிங்கத்தோட அப்பா பக்கத்தோட போனதும் இருபது வருஷத்துல இல்லாத எண் அலை."

பிறகு பெரிய திரையில் எதையும் காட்டவில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்து, அக்காவின் கையில் கைப்பேசியைக் கொடுத்து அந்த 'ஏழெட்டு ஐம்பத்து நாலு' பதிவை அவளுக்கு மட்டும் காட்டினார். அக்கா பார்த்தாள். சிரிக்கும் பொம்மைகளை எண்ணுகிற மாதிரி வெகுநேரம் பார்த்தாள். அவள் அழுதது எனக்குத் தாங்கவில்லை.

இந்தச் சந்தடியில் டாக்டர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். கோட்டு மட்டும் நாற்காலியில் கிடந்தது. தலைமையாசிரியர் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுவதாக அங்கேயே அறிவித்தார். திங்கட்கிழமை பட்டியல் மதிப்பெண்ணையும் பிள்ளைகளின் விருப்பத்தையும் பார்த்து ஒட்டப்படும் என்றார். பள்ளிப் பக்கத்தில் நான் எழுதிய அறுநூறு பிள்ளைகளின் புராணத்தை நீக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. சுயமாகவே நீக்கினேன், யாரும் சொல்லவில்லை.

டாக்டர் திருந்திவிட்டார் என்று எதிர்பார்க்கிறீர்களா? மறுநாளே காணொளி வந்தது: 'இயந்திரங்களுக்கும் மனம் உண்டு! பள்ளி மோட்டாரின் சோகத்தை நான் உணர்ந்த தருணம்.' இருபதாயிரம் பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஆலோசகர் மேடம் தன் பக்கத்தில், 'இது இரண்டே ஒலிப்பதிவுகளில் செய்த சிறு சோதனை, இன்னும் சோதிக்க வேண்டும்' என்று எழுதினார். ஒன்பது லைக். வளர்ச்சிதான்.

அன்று அரங்கம் காலியானபின் அக்கா மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ஆளு போகட்டும் மேடம். நீங்க படிச்சவங்க. என் பொண்ணு மனசுல என்ன இருக்குன்னு நீங்களாவது பார்த்துச் சொல்லுங்க."

"அவகிட்ட கேட்டீங்களா?"

அக்கா திரும்பிப் பார்த்தாள். பெண் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தாள். நான்கு பக்க அறிக்கை வாங்கியிருந்தோம், நிபுணரை அழைத்திருந்தோம், எட்டு லட்சம் பேரைச் சாட்சிக்கு வைத்திருந்தோம். இந்த ஒரு கேள்வியை மட்டும் நாங்கள் யாரும் கேட்டிருக்கவில்லை.

"கணக்குதான்மா வேணும்" என்றாள் அவள்.

மூன்றே விநாடி. காதில் கருவி மாட்ட வேண்டியதில்லை, விண்ணப்பமும் நிரப்ப வேண்டியதில்லை. உங்கள் பிள்ளையின் மனதைப் படித்துச் சொல்கிறேன் என்று நாளைக்கு இன்னொருவன் வருவான், கட்டாயம் வருவான். அவனுக்குப் பிள்ளையின் மூளையை அனுப்புவதற்கு முன்னால், உங்கள் மூளை வீட்டில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.